வெள்ளாவியில் வெளுத்த பனந்தும்பு

மூன்றாவது தடவை காலநீடிப்புக் கிடையாது என்ற விதி எனக்கு மனப்பாடம். அந்தச் சுற்றறிக்கை வந்த நாளில் அதை வாசித்து, ஓரத்தில் கையொப்பமிட்டு, கோப்பில் குத்தி வைத்த பல்கலைக்கழக ஆய்வுகூடப் பொறுப்பாளன் நான்தான். ஆகவே எங்கள் ஆய்வுகூடத்துத் தற்காலிக விரிவுரையாளர் ஒரு காலை வந்து, "அண்ணை, இன்னொருக்கா ஆறு மாசம் கேட்டுப் பாப்பமோ?" என்று கேட்டபோது நான் கோப்பைத் திறக்கவேயில்லை.

"கேக்கலாம் மிஸ். இல்லை எண்டு எழுதப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு தாள் செலவாகும். இப்ப தாளும் தட்டுப்பாடு."

சிரித்தார். சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. முதுமாணி ஆய்வேட்டை அந்த ஆண்டு முடிவதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். பதிவு ரத்தானால் தற்காலிக நியமனமும் போகும். வீட்டில் தாயும் இரண்டு தங்கைமாரும் அவருடைய சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அளவெட்டியிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் வந்து, இரண்டு ஆண்டுகளாக ஒரே பரிசோதனையில் தோற்றுக்கொண்டிருந்தார். தோற்பதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு தோல்வியையும் அழகான கையெழுத்தில் திகதியிட்டு எழுதி வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் வந்தது. சவர்க்காரம் கண்ணில் படுவதில்லை. குடாநாட்டுக்குள் வரக்கூடாதென்று அரசாங்கம் தடுத்த பொருட்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதை எழுதியவருக்கு இரசாயனவியல் தெரியும் என்று நான் சந்தேகித்தேன். எங்களுக்குத் தேவையானவை அத்தனையும் அதில் இருந்தன.

விரிவுரையாளர் செய்ய விரும்பியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாவர நாரில் செலுலோசோடு சைலான் என்றொரு பொருள் இருக்கிறது. சின்ன வெல்ல அலகுகள் நூற்றுக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. மனிதக் குடல் அதைத் தொடாது. ஆனால் சரியான நொதியத்தைக் கொண்டு அதை இரண்டு, மூன்று, நான்கு அலகுத் துண்டுகளாக நறுக்கினால், அந்தத் துண்டுகளும் சிறுகுடலைச் செமிக்காமலே தாண்டி, பெருங்குடலில் இருக்கும் நல்ல பற்றீரியாக்களுக்கு உணவாகும். யப்பானில் இதைச் செய்கிறார்கள் என்று ஒரு பழைய சஞ்சிகையில் நாங்கள் வாசித்திருந்தோம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஓய்ந்து ஓய்ந்து வந்த காலம் அது. மருந்து வராத ஊரில், மருந்துக்குப் பிறகு வயிற்றைத் தேற்றும் ஒன்றையாவது உள்ளூர்ப் பொருளில் செய்யலாமே என்று அவர் நினைத்தார். இன்று அதே சரக்கு அழகான தகரத்தில் 'பிரிபயோட்டிக்' என்ற பட்டத்தோடு மருந்துக்கடைத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. எங்களிடம் அன்று அந்தச் சொல்லும் இல்லை, தகரமும் இல்லை. பனந்தும்பு இருந்தது.

பனங்காய்க் காலம் முடிந்ததும் கொட்டையில் ஒட்டியிருக்கும் நார்த்தும்பு வேண்டியமட்டும் கிடைத்தது. பனாட்டுக் காயப்போடுபவர்கள் பழக்களியைப் பிழிந்தெடுத்த பிறகு அதை ஒருவரும் கேட்பதில்லை. நொதியமும் எங்களிடம் இருந்தது. உக்கிய பனங்குற்றி ஒன்றிலிருந்து பூஞ்சண வகைப் பங்கசு ஒன்றைப் பிரித்தெடுத்து, தவிட்டில் வளர்த்து, தண்ணீரில் கரைத்து வடித்தால் நொதியச் சாறு. குளிர்சாதனப் பெட்டி அலுமாரியாகி விட்டதால் சாறை ஈரமணலில் புதைத்த சட்டியில் வைத்தோம். வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து அமிலநிலையைச் சரிப்படுத்தினோம். ஐம்பது பாகை வெப்பத்துக்கு உமி அடுப்பும் ஒரு பெரிய கிடாரமும். அடுப்பருகே வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கும் பதவிக்கு நான் நியமனக் கடிதம் இல்லாமலே அமர்த்தப்பட்டேன்.

எல்லாம் இருந்தும் நொதியம் தும்பைக் கடிக்கவில்லை. காரணம் தெரிந்ததே. நாரில் இருக்கும் இலிக்னின், சைலானைச் சாந்து பூசியதுபோல மூடி வைத்திருக்கிறது. முதலில் அதைத் தளர்த்த வேண்டும். பாடப்புத்தகம் எரிசோடா என்ற கடுங்காரத்தில் ஊறவைக்கச் சொல்கிறது. எங்கள் எரிசோடாப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினால் தூசி விழும். கொழும்புக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் அனுப்பினேன். ஏழு மாதத்தின் பின் பதில் வந்தது. நான்காவது பிரதியைக் காணவில்லையாம்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். நடைமுறைகளைக் கற்பித்தே முப்பது ஆண்டு சம்பளம் எடுத்தவன் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

தும்பைப் பத்துப் பத்துக் கிராமாக நிறுத்து, பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னப் பைகளில் கட்டி, பென்சிலால் எழுதிய தகரத் துண்டு ஒன்றைக் கோத்து வைப்பது என் வழக்கம். ஒரு முற்பகல் பை ஒன்றைக் கட்டி முடித்தபோது விமானச் சத்தம் கேட்டது. கையில் இருந்ததை வெள்ளைக் கோட்டின் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு முற்றத்துப் பங்கருக்குள் இறங்கினேன். விமானம் வேறு யாரையோ தேடிப் போய்விட்டது. ஏறி வந்தேன். கோட்டு முழுவதும் மண். கழற்றிச் சலவைக்குப் போட்டேன். மாதிரிகளை எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. பதிவேட்டில் 'காணாமற்போனது' என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன். விதிப்படி அது பிழையில்லை.

எங்கள் கோட்டுகளை வெளுத்தவர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. வளாகத்தின் பின்புறத்தில் இருந்து குளத்தடிக்குப் போகும் ஒழுங்கையில் வீடு. சவர்க்காரம் போன பிறகு ஊரில் எல்லோரும் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்க்கத் தொடங்கினார்கள். துணியெல்லாம் மஞ்சளாகி, எறும்பு மொய்த்தது. அதன் பின் வெள்ளைத் துணி வைத்திருந்த அத்தனை பேரும் அவருடைய வெள்ளாவியைத் தேடி ஓடினார்கள். பேராசிரியர்களும் ஓடினார்கள். ஆகவே அந்த நாட்களில் அவருக்கு நிற்க நேரமில்லை.

வெள்ளிக்கிழமை கோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேலே என் துணிப்பையையும் வைத்தார்.

"சேர், உங்கடை பொக்கற்றுக்கை கிடந்தது. செத்த எலியாக்கும் எண்டு நினைச்சு நான் தொடேல்லை. கோட்டோடை அப்பிடியே அவிஞ்சு போச்சு."

"எலியெண்டு நினைச்சால் ஏனக்கா வெள்ளாவியிலை வைச்சனீங்கள்?"

"நீங்கள் எலி வைச்சு ஆராயிற ஆக்கள்தானே. எறிஞ்சுபோட்டால் பிறகு வந்து என்ரை எலி எங்கை எண்டு கேப்பியள்."

பையைப் பிரித்தேன். கறுத்துச் சிவந்து, கம்பிபோல விறைத்துக் கிடந்த தும்பைத்தான் நான் கட்டியிருந்தேன். இப்போது உள்ளே இருந்தது இளமஞ்சள் வெள்ளை நிறத்தில், இலவம்பஞ்சு மாதிரி விரலுக்குள் அமுங்கியது. தகரத்தில் என் கையெழுத்து மட்டும் மாறாமல் இருந்தது.

"இதுக்கு என்ன போட்டனீங்கள்?"

"என்னத்தைப் போடுறது? எல்லாத் துணிக்கும் போடுற சாம்பல் தண்ணிதான்."

நான் பதிவேட்டில் 'சாம்பல் தண்ணீர்' என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாம்பலில் காரம் உண்டு, காரம் இலிக்னினைத் தளர்த்தும், விஷயம் முடிந்தது. ஒரு சலவைக்காரியிடம் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்த அந்த மனிதனை இப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதை வருவதில்லை.

விரிவுரையாளர் அந்தப் பத்துக் கிராமைக் கழுவி, நொதியத்தோடு கிடாரத்தில் வைத்தார். மறுநாள் சாறைத் தாளில் ஓட்டினோம். இந்த முறை தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், வடிதாளின் அடியோரம் சாறில் ஒரு பொட்டு வைத்து, தாளைப் பியூட்டனோல் கலவையில் நிறுத்த வேண்டும். கலவை தாளில் ஏறும்போது வெல்லங்களையும் கூட்டிக்கொண்டு ஏறும். சிறியது உயரப் போகும், பெரியது பின்தங்கும். பிறகு ஒரு மருந்தைத் தெளித்துச் சூடாக்கினால் நின்ற இடங்கள் நிறமாகத் தெரியும். நாரிலிருந்து வந்த வெல்லம் இளஞ்சிவப்பு. பழச்சாற்று வெல்லம் மண்ணிறம். எங்கள் வாழ்க்கை அந்த இரண்டு நிறங்களுக்கு இடையில் இருந்தது.

மின்னடுப்பு இல்லாததால் தாளை உமி அடுப்பின்மேல் பிடித்தோம். ஒரு பாதி கருகிப் பற்றியது. மிஞ்சிய பாதியில் இளஞ்சிவப்பாக மூன்று படிகள். விரிவுரையாளர் கருகிய தாளின் ஓரத்தில் திகதியிட்டார். பிறகு நேராகப் போய், பரிசோதனை வெற்றி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தயார் என்று பரீட்சகர் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். 'மறுபடி ஒருதடவை செய்து பார்த்தபின் அறிவி' என்பது நான் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி. அன்று நானும் அதை மறந்துபோய்க் கைகொட்டிக்கொண்டு நின்றேன்.

குழுவில் மூன்று பேர். இருவர் நல்லவர்கள். அதாவது வாசிக்காமல் ஒப்பமிடுபவர்கள். மூன்றாமவர் மூத்த பேராசிரியர். வாசிப்பவர். கருகிய தாளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பிள்ளை, பனம்பழத்தைச் சூப்பினால் இனிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஏன் இரண்டு வருசம்?"

"சேர், இது பழச்சாற்று வெல்லமில்லை. நிறத்தைப் பாருங்கோ."

"எரிஞ்ச தாளிலை எல்லாம் மண்ணிறம்தான். எனக்கு முன்னாலை செய்து காட்டும். நான் தும்பைப் பாக்கவேணும், நொதியம் விடுறதைப் பாக்கவேணும், தாள் சூடேறுறதையும் பாக்கவேணும். இளஞ்சிவப்பு வந்தால் ஒப்பம். மண்ணிறம் வந்தால் மன்னிக்கவேணும்."

அவர் கேட்டது நியாயம். அதுதான் எரிச்சல். மூன்று கிழமைக்குப் பிந்திய ஒரு நாள் குறிக்கப்பட்டது. ஆண்டு முடிய அதற்குப் பிறகு இருந்தது எட்டு நாள்.

நாங்கள் தெம்பாகத்தான் தொடங்கினோம். பனைமட்டைச் சாம்பலைக் கரைத்து, தெளியவைத்து, அரைக் கிலோ தும்பை அதில் போட்டு உமி அடுப்பில் கொதிக்க வைத்தோம். தண்ணீர் கறுத்தது. ஊற்றினோம். இன்னொரு தண்ணீர். அதையும் ஊற்றினோம். தும்பு முதல் பையைவிட வெள்ளையாக வந்தது. விரிவுரையாளர் அதை வெயிலில் விரித்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார், கலியாணக் கூறையைப் பார்ப்பதுபோல. நொதியம் விட்டோம். தாளில் ஓட்டினோம். கருகாமல் சூடாக்கினோம்.

ஒன்றுமில்லை. வெறும் தாள். உற்றுப் பார்த்தால் ஒரு மங்கல் பொட்டு. உற்றுப் பார்ப்பவருக்கு ஆசை அதிகமென்றால் அது இளஞ்சிவப்பு.

பியூட்டனோல் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு ஓட்டத்துக்குக் காணும். அந்த ஓட்டம் குழுவுக்கு உரியது. அதற்கு முன் சரிபார்க்க வழியில்லை.

"அண்ணை, நான் கடிதத்தைத் திருப்பி எடுக்கட்டோ?"

"கடிதத்தைத் திருப்பி எடுக்கிறதுக்கு நடைமுறை இல்லை, மிஸ்."

உண்மையில் இருந்தது. படிவமும் என் அலுமாரியில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு நடைமுறையை நான் இல்லையென்று சொன்னது சேவைக்காலத்தில் அந்த ஒருதடவைதான்.

மறுநாள் வெள்ளைத் தும்பில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு இருவரும் ஒழுங்கையில் இறங்கினோம். அக்கா முற்றத்தில் நின்று துணி பிழிந்துகொண்டிருந்தார். தும்பை வாங்கி, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். பொட்டென்று அறுந்தது.

"உதை என்ன செய்தனீங்கள்?"

"நீங்கள் சொன்ன மாதிரித்தான். சாம்பல் தண்ணியிலை கொதிக்க வைச்சம்."

"கொதிக்க வைக்கச் சொல்லி நான் சொன்னனானோ?"

"வெள்ளாவி எண்டால்..."

"சேர், வெள்ளாவியிலை துணியைப் போட்டுக் கொதிக்க வைச்சால் ஊர்ச் சனம் கோவணத்தோடைதான் திரியவேணும்." தன் அடுப்படியைக் காட்டினார். கீழே தண்ணீர் கொதிக்கும் பெரிய பானை. அதன் வாய்க்கு மேல், தண்ணீரில் படாமல், கூம்பாக அடுக்கிய துணி. சுற்றிவரச் சாக்குப் போர்வை. "சாம்பல் தண்ணியிலை ஓரிரவு ஊறப்போடுறது. பிழியிறது. அடுக்கிறது. அவ்வளவுதான். பிறகு துணி தண்ணியைக் காணாது. ஆவிதான் ஊத்தையைத் தளர்த்தும். நீங்கள் சாரத்தை எல்லாம் தண்ணியிலை விட்டு அந்தத் தண்ணியை எங்கை ஊத்தினனீங்கள்?"

"வாழைக்கு," என்றார் விரிவுரையாளர்.

"அப்ப வாழையைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. காரத்தில் கொதிக்க வைத்தால் இலிக்னின் மட்டுமா கரையும்? சைலானும் கரைந்துவிடும். அந்தக் கறுத்த தண்ணீரில்தான் எங்கள் ஆய்வேடு இருந்தது. நாங்கள் அதை இரண்டு தடவை மிகுந்த கவனத்தோடு வடித்து ஊற்றியிருந்தோம். எந்த ஆய்வுகூடத்தாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். கண்ணாடி முகவையையும் அடுப்பையும் கண்டால் எங்களுக்குக் கொதிக்க வைக்கத்தான் தோன்றும். ஊறவைத்துப் பிழிந்து ஆவியில் வைத்தாலோ பூட்டு மட்டும் தளரும். பொருள் நாரிலேயே நிற்கும்.

இந்தமுறை எல்லாவற்றையும் கேட்டேன். எந்தச் சாம்பல்? பனைமட்டை, கொஞ்சம் வாழைத்தடல். எவ்வளவு காரம்? எங்களிடம் காரத்தாள் முடிந்து பல மாதம். அவர் மஞ்சள் தடவிய ஒரு துணிக்கிழிசலை எடுத்துத் தெளிந்த சாம்பல் தண்ணீரில் தொட்டார். குங்குமமாகச் சிவந்தது. "இந்தச் சிவப்பு வரவேணும். இதுக்குக் கூடினால் நூல் செத்துப்போம்." எவ்வளவு நேரம்? "மேல்துணியிலை ஆவி வந்து, கையை வைக்கேலாமல் சுடத் தொடங்கினாப் பிறகு, நான் மூண்டு பேருடைய துணி பிழிஞ்சு முடிக்கிற நேரம்." கைக்கடிகாரத்தில் பார்த்தேன். மூன்றே கால் மணித்தியாலம். விரிவுரையாளர் குந்தியிருந்து எல்லாவற்றையும் எழுதினார். மஞ்சள் கிழிசலில் ஒரு துண்டையும் தாளில் ஒட்டிக்கொண்டார்.

தும்பு எங்கள் கோட்டுகளுக்கும் யாருடையதோ இரண்டு வேட்டிகளுக்கும் நடுவில் அடுக்கப்பட்டு வெந்தது. வந்தபோது இளமஞ்சள். இழுத்தால் அறவில்லை. ஒரு சிட்டிகையை நொதியத்தோடு வைத்து, மாலையில் சாறை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஆய்வுகூடத்தில் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது என்ற அறிவித்தல் என் தலைக்கு நேரே தொங்கியது. மெல்லிய இனிப்பு. ஆனால் அது எந்த இனிப்பு? பழமா, நாரா? நாக்குக்கு நிறம் தெரியாது.

மிச்சப் பிரச்சினை சூடு. கடைசித் தாள் கருகக்கூடாது. முழுத் தாளுக்கும் ஒரே சீரான சூடு வேண்டும். விரிவுரையாளர்தான் சொன்னார், "அண்ணை, அக்காவின்ரை ஸ்திரிக்கைப் பெட்டி." நான் கேட்கப் போனேன்.

"பெட்டியை நான் ஆருக்கும் குடுக்கிறேல்லை," என்றார் அக்கா. "கொண்டுவந்து நானே தேய்ச்சுத் தாறன்."

வெளியார் ஆய்வுகூடத்துக்குள் வரக்கூடாது என்று விதி. 'வெப்பமூட்டலுக்கான தற்காலிக நிபுணர்' என்று வருகைப் பதிவேட்டில் எழுதினேன். அப்படி ஒரு பதவி இல்லை. இல்லாத பதவிக்குத் தகைமை கேட்க முடியாது.

குழு முதல் நாள் வந்து தும்பைப் பார்த்தது. மூத்த பேராசிரியர் தும்பு போட்ட இரண்டு குழாய்களில் ஒன்றில் நல்ல நொதியமும், மற்றதில் கொதிக்க வைத்துச் சாகடித்த நொதியமும் தன் கையாலேயே விட்டார். பழ வெல்லம் மிஞ்சியிருந்தால் இரண்டிலும் தெரியும், நொதியம் நறுக்கியதென்றால் ஒன்றில் மட்டும்தான் தெரியும். வாய்களைத் துணியால் கட்டி, பசை தடவிய தாளால் மூடி, தாளின்மேல் குறுக்காகக் கையொப்பமிட்டார். மறுநாள் வந்து தன் கையொப்பத்தைத் தானே சரிபார்த்துப் பிரித்தார். நல்ல மனிதன் என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது. சந்தேகப்படுவதையும் நடைமுறைப்படி செய்தார். பொட்டுகளை வைத்தோம். பழக்கமான இரண்டு வெல்லங்களையும் ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்தோம். கடைசித் துளி பியூட்டனோலையும் வார்த்துத் தாளை நிறுத்தினோம்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா வந்தார். வெள்ளைச் சேலை. கையில் சிரட்டைக்கரி கனன்ற பெட்டி. குழுவினர் கதிரைகளில் இருந்தார்கள். மூத்த பேராசிரியர் அக்காவைப் பார்த்தார், அக்கா அவரைப் பார்த்தார். பேராசிரியர் வீட்டுத் துணியும் அக்காதான் எடுப்பவர். பின்பக்கப் படலையால் போய்ப் பின்பக்கப் படலையால் திரும்புபவர். ஆய்வுகூடத்துக்கு முன்வாசலால் வந்திருந்தார்.

உலர்ந்த தாளில் மருந்தைத் தெளித்தேன். பழைய இரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பம்புதான் தெளிப்பான். மணம் பொல்லாதது என்பதால் யன்னல்களைத் திறந்தோம். மேசையில் கம்பளி, அதன்மேல் தாள், தாளின்மேல் மெல்லிய வேட்டித்துணி. அக்கா விரலை நனைத்துப் பெட்டியின் அடியில் சுண்டினார். சீறிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி சுண்டினார். பிறகு வைத்தார். இழுக்கவில்லை. வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைத்து, எடுத்து.

துணியை ஒரு மூலையால் தூக்கிப் பார்த்தோம். அடையாள வெல்லங்கள் மட்டும் மெல்ல எழுந்தன. ஒன்று மண்ணிறம், ஒன்று இளஞ்சிவப்பு. மற்ற இடம் வெறுமை. விரிவுரையாளரின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"அவ்வளவுதானோ?" என்றார் குழுவில் ஒருவர்.

"இன்னும் பச்சையாக் கிடக்கு," என்றார் அக்கா. "அவசரப்பட்டால் சேட்டிலை சுருக்கம் நிக்கும்." மூத்த பேராசிரியரின் பக்கம் திரும்பினார். "பிடிக்கட்டோ, விடட்டோ?"

அவர் எழுந்து மேசைக்குக் கிட்ட வந்தார். "பிடியுங்கோ," என்றார். "இன்னும் கொஞ்சம் பிடியுங்கோ."

அக்காவின் புருவம் உயர்ந்தது. இருபது வருடமாகப் பேராசிரியர் வீட்டில் 'வை', 'எடு', 'போ' என்று கேட்டவர் அவர். பெட்டியை மறுபடி வைத்தார்.

அடுத்த தடவை துணியைத் தூக்கியபோது அது வந்திருந்தது. உச்சியில் ஒரு பொட்டு, இளஞ்சிவப்பு அடையாள வெல்லத்தின் உயரத்துக்கு நேராக, ஒற்றை அலகு. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே மங்கலாக நான்காவது. நாலு படி, நாலும் இளஞ்சிவப்பு. செத்த நொதியத்தின் பாதை ஒரு மாசுமில்லாமல் வெள்ளையாக இருந்தது. மண்ணிறம் அடையாளப் பொட்டைத் தவிர எங்கேயும் இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுப் பார்த்தார். பிறகு கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். தாளைத் திருப்பி முதுகுப்பக்கத்தையும் பார்த்தார்.

"நாலு," என்றார்.

"நாலு, சேர்," என்றார் விரிவுரையாளர்.

"இரண்டு, மூன்று, நாலு அலகுத் துண்டுகள். பனந்தும்பிலை." தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். பிறகு மற்ற இருவரிடமும் திரும்பி, "நான் இங்கிலாந்திலை இதைவிட நல்ல வசதியோடை இதைவிட மோசமான தாள் ஓட்டியிருக்கிறன்," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒப்பம் வைக்கப் பேனையைத் திறந்தவர் நிறுத்தினார்.

"பிள்ளை, உந்த ஆவி வேலையை ஆய்வேட்டிலை என்னெண்டு எழுதப் போறீர்?"

"நடந்த மாதிரித்தான், சேர். சலவை வெள்ளாவி எண்டு."

யோசித்தார். "அப்ப முழுக்க எழுதும். என்ன சாம்பல், எவ்வளவு நேரம், எப்பிடி அடுக்கிறது எண்டு எல்லாம். வாசிக்கிறவன் திருப்பிச் செய்யக்கூடியதாயிருக்கவேணும். ஆரிட்டைப் படிச்சது எண்டும் பேரோடை எழுதும்." ஒப்பமிட்டார். மற்ற இருவரும் வழமைபோல வாசிக்காமல் ஒப்பமிட்டார்கள்.

அக்கா கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். "அக்கா, எல்லாத்தையும் எழுதினால் உங்கடை தொழில் இரகசியம் வெளியிலை போயிடாதோ?" என்று கேட்டேன்.

"எழுதட்டும் சேர். படிச்ச ஆக்கள்தானே வாசிக்கப் போகினம். வாசிச்சுப்போட்டுக் கொதிக்கத்தான் வைப்பினம்."

மூத்த பேராசிரியர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தெரிந்தும்.

ஆண்டு முடிய மூன்று நாள் இருக்க ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. தட்டச்சு நாடா தேய்ந்து எழுத்துகள் மங்கியிருந்தன. நன்றியுரையில் சலவைத் தொழிலாளி ஒருவரின் பெயர் மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் இருந்தது. பெயர்களின் ஒழுங்குபற்றி ஏதும் விதி உண்டா என்று பதிவாளர் அலுவலகத்தில் என்னிடம் கேட்டார்கள். இல்லை என்றேன். இந்தமுறை உண்மையாகவே இல்லை.

நிரந்தர நியமனக் கடிதம் பங்குனியில் வந்தது. விரிவுரையாளர் அதை என் மேசையில் விரித்து வைத்துவிட்டு, எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாம் பந்தியிலிருந்து திகதி, இலக்கம், முத்திரை எல்லாம் வாசித்தேன். ஒரு குறையும் இல்லை. குறை கண்டுபிடிக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் சிரித்துக்கொண்டு பொறுத்தார்.

"என்ன அண்ணை, செல்லுமோ?"

"செல்லும் மிஸ்."

ஆய்வுகூடப் பூட்டின் திறப்பு நிரந்தர ஆளணியினருக்கு மட்டுமே கையளிக்கப்படலாம் என்பது ஒழுங்குவிதி. பதிவேட்டைத் திறந்து, திகதி போட்டு, பேனையை நீட்டினேன். அழகான கையெழுத்தில் ஒப்பமிட்டார். திறப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.